மையக் கோப்பில் வைத்த கை

அத்தானைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்றிருந்தது சின்னவளுக்கு. வாசலில் ஒரே காருக்கு மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் கையிலும் ஒரே நேரத்துக்கான முன்பதிவு. அண்ணனின் டிரைவிங் ஸ்கூலுக்கு அவள் கட்டிய இணையதளம் திறந்த முதல் நாளே இந்த லட்சணம்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. அப்டேட் வந்திருக்குன்னு காட்டுச்சு, அமுக்கினேன். நல்லதுக்குத்தானே?" என்றார் அக்காவின் கணவர்.

"உங்களை யாரு கேட்டா? பாஸ்வேர்டை யாரு குடுத்தா?"

அண்ணன் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடினான். கொடுத்தது அவன்தான்.

அங்கே ஃபோன் எடுப்பது அவள் வேலை. எடுத்து எடுத்துக் காது மரத்துப்போன பிறகுதான் மாலை வகுப்பில் சேர்ந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து இணையதளம் கட்டிக்கொள்ளக்கூடிய மென்பொருள் ஒன்றைக் கற்றாள். இணையதளம் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. "நம்ம சைட் ஒழுங்கா ஓடட்டும், அப்புறம் போ" என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான்.

இப்போது அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி விடு. உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? ஃபோன் அடிக்குது பாரு."

"அடிக்கட்டும்!"

நாற்காலியை இழுத்துப் போட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்ததுமே தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. மென்பொருளின் மையக் கோப்புகளில் கை வைக்காதீர்கள், அப்டேட் செய்தால் துடைத்துக்கொண்டு போய்விடும், உங்கள் மாற்றத்தைத் தனிக் கோப்பில் எழுதி அதோடு மாட்டுங்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னார்களே! ஒரு காருக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்ற விதியை அவள் மையக் கோப்பிலேயே எழுதித் தொலைத்திருந்தாள். அண்ணன் "சீக்கிரம், சீக்கிரம்" என்று உயிரை வாங்கியது வாஸ்தவம். ஆனால் எழுதியது அவள். அத்தான் மேலிருந்த கோபம் அவள் பக்கமே திரும்பியது. சனியனே, சனியனே என்று தன்னையே திட்டிக்கொண்டு, அந்த விதியைத் தனியாக எழுத ஆரம்பித்தாள். அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் எழுந்தாள்.

"அத்தான், இங்க வாங்க. 'மீண்டும் நிறுவு'ன்னு இருக்கே, அந்தப் பட்டனை அமுக்குங்க."

"ஐயோ சாமி, நான் தொடவே மாட்டேன்!"

"காலைல மட்டும் விரல் நல்லா வேலை செஞ்சுதே? அமுக்குங்க!"

அவர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். மென்பொருள் மொத்தமும் புதிதாக இறங்கியது. அவள் ஒரு காரைக் காலை வகுப்புக்குப் பதிவு செய்தாள். வேறொரு பெயரில் அதே காரை அதே நேரத்துக்குக் கேட்டாள். இடமில்லை என்றது தளம்.

ஃபோன் அடித்தது. அண்ணன் பழக்க தோஷத்தில் அவளைப் பார்த்தான்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உன் ஃபோன்தான். எடு."