தங்கச்சி படகின் புரொப்பெல்லர்

ஆற்றில் மூழ்கிக் கிடந்த மரத்தில் தங்கச்சியின் படகு மோதிவிட்டது, புரொப்பெல்லர் உடைந்துவிட்டது என்று பட்டறையில் லேத் ஓட்டும் கடைசல்காரர் வந்து சொன்னபோது, பட்டறைக்காரிக்கு வயிற்றுக்குள் இதமாக ஏதோ இறங்கியது. வெயிலில் வந்தவள் குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி. அதற்குப் பிறகுதான், "யாருக்கும் அடிபடலையே?" என்று கேட்டாள். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பது அவளுக்கே உறுத்தியது.

படகுத்துறைக்குப் பின்சந்தில் இருந்தது அவள் பட்டறை. வளைந்ததும் உடைந்ததுமாக வருகிற புரொப்பெல்லர்களை நிமிர்த்தி, பற்றவைத்து, அரத்தால் ராவி அனுப்புவாள். தங்கச்சி அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகை ஓட்டினாள். படகு கரையை விட்டுக் கிளம்பினால் பாதித் துறை கையை அசைக்கும். பட்டறையைப் பார்த்துக் கையசைக்க யாருக்குத் தோன்றும்? அதுகூடப் பரவாயில்லை. பட்டறைக்காரியின் வீட்டுக்காரர் அக்கரைத் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தார். தினமும் அந்தப் படகில்தான் போய்வருவார். சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போதே, "இன்னைக்குச் சின்னவ என்ன சொன்னா தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு முந்திக்கொள்ளும். தான் சொல்லி அவர் அப்படிச் சிரித்தது எப்போது என்று அவள் யோசித்துப் பார்த்ததுண்டு. நினைவுக்கு எதுவும் சிக்கியதில்லை.

மதியம் தங்கச்சியே கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியில் சாக்கின்மேல் வெண்கலப் புரொப்பெல்லர் படுத்துக் கிடந்தது. மூன்று இறக்கை. ஒன்று நாய்க்காது மாதிரி மடங்கியிருந்தது. இன்னொன்றின் ஓரத்தில் ஒரு கடி அளவு காணோம். மூன்றாவது மட்டும் அடிபடாதது போல் சாக்கில் சாய்ந்திருந்தது.

"தேறுமாக்கா?"

பட்டறைக்காரி சின்னச் சுத்தியை எடுத்து அந்த மூன்றாவது இறக்கையைத் தட்டினாள். நல்ல வெண்கலம் என்றால் மணி மாதிரி நீளமாகக் கேட்க வேண்டும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தது.

"அடியில விரிசல் விட்டிருக்கு. மத்த ரெண்டையும் சரி பண்ணிடலாம். இது நடு ஆத்துல ஒடிஞ்சா என்ன பண்ணுவ? புதுசு வாங்கிக்க."

"புதுசு வர ஒரு மாசத்துக்கு மேல ஆகுமேக்கா."

"ஆகட்டும்."

தங்கச்சி மல்லுக்கு நிற்பாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். வாயில் பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். தங்கச்சியோ இறக்கையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "நீ சொன்னா சரிதான்" என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். துறையில் யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "அக்கா வேணாம்னுட்டா. அதுக்கு மேல பேச்சில்ல."

அன்றைக்கு ராச்சாப்பாட்டில் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "நிஜமாவே விரிசலா? இல்ல, அவ கொஞ்ச நாள் கரையில கிடக்கட்டும்னா?"

"என் தொழில எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவர் வாயை அடைக்க வேண்டும் என்றே மறுநாள் காலையில் சீக்கிரமாகப் பட்டறையைத் திறந்தாள். புரொப்பெல்லரைக் கூரையில் மாட்டிய சங்கிலிக் கப்பியில், அந்தச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, மூன்றாவது இறக்கையின் அடியைப் பளபளவென்று துடைத்து, சிவப்புச் சாயம் பூசினாள். ஊற விட்டுத் துடைத்தெடுத்து, வெள்ளைப் பவுடரை அடித்தாள். விரிசல் இருந்தால் அதற்குள் தங்கிய சிவப்பு, வெள்ளையில் கோடாகக் கசிந்து வரும். பார்த்துக்கொண்டே நின்றாள். வரவில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடியும் செய்தாள். கோடு வர வேண்டுமே என்று வேண்டாத குறைதான். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

சுத்தியை எடுத்துத் தட்டினாள். தொங்கிய வெண்கலம் கணீரென்று அடித்து, பட்டறை முழுக்க இழுத்துக்கொண்டே போய் அடங்கியது.

சாக்கு. இறக்கை சாக்கில் அழுந்தியிருந்தால் எப்படிச் சத்தம் வரும்? தொங்கவிடாமல் தட்டக் கூடாது என்று கடைசல்காரரை வாய் ஓயாமல் திட்டுகிறவள் அவள். அவளே வண்டியில் கிடந்ததைத் தட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லவில்லைதான். ஆனால், அந்த 'டொக்'கைக் கேட்டதும் காது ஏன் அவ்வளவு ஆசையாக நம்பியது?

அவள் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இழுத்தாள். துறைப்பக்கம் போய், கட்டிக் கிடந்த படகைப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்காரர் வேறு படகின் நெரிசலில் இடிபட்டு வந்து, பேச்சில்லாமல் சாப்பிட்டார். வீடு அமைதியாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அந்த அமைதியைத் தங்கச்சியே வந்து கெடுத்தாள். "வீட்ல சும்மா உக்கார முடியலக்கா" என்று பட்டறைக்கு வந்து, கவிழ்த்த டிரம்மின்மேல் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கைவிளக்கைப் பிடித்துக்கொடுத்தாள், வாசலைப் பெருக்கினாள், வாயை மட்டும் மூடவில்லை. நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிற கடைசல்காரர், லேத்தை நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்தால் பல் தெரியும் என்பதே பட்டறைக்காரிக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலை கொடுக்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து பட்டறை வாசலை மிதிக்காத வீட்டுக்காரர், சாயங்காலம் நேராக அங்கேயே வந்து, "என்ன சின்னவளே, தொழில் கத்துக்கிட்டாச்சா?" என்று நின்றார்.

"கத்துக்கிட்டேன் மாமா. அக்கா திட்டுறதுக்கு முன்னாடியே காதப் பொத்திக்கணும். அவ்வளவுதான் தொழில்."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டறைக்காரியும் உதட்டை இழுத்து வைத்தாள்.

அடுத்த நாள் ஒரு படகுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். எதிரில் கிரைண்டரும் கையுமாக நின்ற பட்டறைக்காரியைக் கடந்து அவர் கண் போயிற்று. "சின்னக்கா இல்லையா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். இவள் ஆற்றுக்குத் திரும்பிப் போக வேண்டும், இன்றைக்கே போனாலும் நல்லது என்று அவளுக்குள் கொதித்தது. எந்தப் பொறாமை சரி பண்ண வேண்டாம் என்றதோ, அதே பொறாமை இப்போது அவள் கையைப் பிடித்து இழுத்தது. அடுப்பைப் பற்றவைத்து, மடங்கிய இறக்கையைச் சூடேற்றி அச்சில் வைத்து நிமிர்த்தினாள். உடைந்த ஓரத்தை வெண்கலக் கம்பியை உருக்கி வளர்த்து ராவினாள்.

தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த தங்கச்சி அப்படியே நின்றுவிட்டாள். "என்னக்கா இது?"

"மறுபடி பாத்தேன். சரி பண்ணிடலாம்."

தங்கச்சி குடத்தை வைத்துவிட்டு அக்காவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "நீ இருக்கும்போது எனக்கென்னக்கா." பிறகு அவளே கேட்டாள். "அப்ப அந்த விரிசல்? பாதி வேகத்துல ஓட்டணுமா? ஆத்துல தண்ணி இழுக்கும்போது ஆளக் கொஞ்சமா ஏத்தவா?"

இதற்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. ஆள் ஏற்றிப் போகிற படகு. இல்லாத விரிசலுக்குப் பயந்து பயந்து ஓட்டுவாள். நீரோட்டம் இழுக்கும் இடத்தில் வேகம் போதாமல் போனால் அதுவே வினையாகும்.

"விரிசலே இல்லடி."

"புரியல."

"சாக்குல கிடந்ததத் தட்டினேன். தப்பாக் கேட்டுச்சு. தொங்கவிட்டுப் பாத்தப்ப ஒண்ணும் இல்ல."

"எப்பப் பாத்த?"

"நீ கொண்டுவந்த மறுநாள்."

தங்கச்சி அக்காவை விட்டு விலகினாள். கேலியாக ஏதாவது சொல்வாள், அதோடு போய்விடும் என்று அக்கா காத்திருந்தாள். அவளோ, தான் உட்காரும் டிரம்மைக் கூடப் பார்க்காமல் வாசலுக்குப் போய், சந்தைப் பார்த்தபடி நின்றாள். திரும்பாமலே கேட்டாள். "நான் உனக்கு என்னக்கா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. எல்லாரும் உன்னையே பாக்குறாங்க. எனக்கு எரிஞ்சுது. வேற காரணம் இல்ல."

தங்கச்சி மூக்கை உறிஞ்சினாள். "சீக்கிரம் முடி. நான் போய்ப் படகத் துடைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

புரொப்பெல்லரை மாட்டி முதல் ஓட்டம் விட்ட அன்று, பட்டறைக்காரி படகின் பின்பக்கம், எஞ்சினுக்குப் பக்கத்தில் பலகையில் கையை ஊன்றி உட்கார்ந்தாள். பேலன்ஸ் தப்பியிருந்தால் அங்கேதான் அதிர்வு தெரியும். கரையில் வழக்கம்போல எல்லோரும் தங்கச்சிக்குக் கையசைத்தார்கள். அக்காவுக்கு வழக்கம்போல எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, உள்ளங்கையில் வருவதை மட்டும் கவனித்தாள். நடு ஆற்றில் தங்கச்சி வேகத்தைக் கூட்டினாள். பலகை நடுங்கவில்லை.

"எப்படிக்கா இருக்கு?" முன்னாலிருந்து தங்கச்சி கேட்டாள்.

"நல்லா இருக்கு. முழு வேகமும் கொடு."

"நிஜமாவா?"

முன்பெல்லாம் அவள் இப்படிக் கேட்டதில்லை. பட்டறைக்காரி எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், அவள் பக்கத்தில் நின்றாள்.

"நிஜமாத்தான். நானும் இதுலதானடி வர்றேன்."

தங்கச்சி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வேகக் கைப்பிடியை முழுக்கத் தள்ளினாள்.