சத்தம் நின்றுபோவதாக ஒரு புகார்

கனடாவில் மொன்றியலுக்கு அருகே ஒரு சின்ன விமான நிலையத்தில் துஷாந்தனுக்குப் புகார் கேட்கும் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு குட்டி விமானம் வானத்தில் கரணமடிக்கும். உடனே அக்கம்பக்கமெல்லாம் போன் எடுத்து, இரைச்சல் தாங்கவில்லை என்று அவனைத் திட்டும்.

ஓடுபாதைக்குப் பக்கத்து வீட்டுக் கிளி அக்காவின் புகார் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, சத்தம் பிரச்சினையில்லை. நடுவானத்தில சத்தம் திடீரெண்டு நிக்குதே, அதுதான். விழுந்திட்டானோ எண்டு அடுப்பை விட்டிட்டு வெளியில ஓடுறன். கறியெல்லாம் கருகுது."

"அந்த விமானி வேணுமெண்டுதான் எஞ்சினைக் குறைக்கிறான் அக்கா."

"விசரனோ? மூளை கழண்டவனோ?"

"ஓம் அக்கா. லைசென்ஸ் வச்சிருக்கிற விசரன்."

"அப்ப அவன் இறங்கினதும் எனக்கொரு போன் எடு. அதுக்குப் பேந்துதான் நான் கறி வைப்பன்."

அடுத்த சனிக்கிழமை, விமானம் தரை தொட்டதும் துஷாந்தன் அழைத்தான்.

"இறங்கிட்டான் அக்கா. கறியை வையுங்கோ."

"தெரியும். வெளியில கதிரை போட்டு இருந்து பாத்தனான். ரெண்டாவது கரணம் கொஞ்சம் சரிஞ்சு போச்சு. அவனிட்டச் சொல்லு."

துஷாந்தன் போய்ச் சொன்னான். விமானியின் முகம் சிவந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி, மறுபடி மாட்டி, பிறகு மெதுவாகக் கேட்டான்: இடப்பக்கமா, வலப்பக்கமா?