துளசித் தண்ணீர்

ஜெயலக்ஷ்மியின் சுத்தம் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பிரசித்தம். பால்காரன் கை தவறிச் சொம்பைத் தொட்டுவிட்டால், புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் ஊரின் மறுகோடியில் இருக்கும் மர்பி டவுன் லைன் வீட்டுப் பையன் ஒருவனின் வாய் பட்ட கண்ணாடிக் குழல் வந்து போயிற்று என்றால், அதற்குப் பிள்ளைப் பாசம் ஒன்றுதான் காரணம்.

மகள் ருக்குவுக்கு ஏழு வயது. முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது, நெஞ்சில் எப்போதும் சளி கட்டிக்கொண்டிருக்கும். சீமையில் படித்துவிட்டு வந்த டாக்டர் அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னார். அவருக்குத் தெரிந்து ஊரிலேயே இரண்டு குழந்தைகளுக்குத்தான் அந்த நோய். இன்னொருவன் மர்பி டவுன் டோரதியின் மகன் ஓஸ்வால்ட். பென்சிலினை ஆவி போல உள்ளே இழுக்க, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் கருவி அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. ஒருநாள் ருக்குவுக்கு, மறுநாள் ஓஸ்வால்டுக்கு என்று முறை வைத்துக் கொடுத்தார்.

"ஒவ்வொரு தரமும் ஸ்பிரிட்ல துடைச்சுடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஸ்பிரிட் என்றால் சாராயம்தானே. பெருமாள் இருக்கிற வீட்டில் அதை எப்படி வைப்பது? ஜெயலக்ஷ்மி தன் வழியில் சுத்தம் செய்தாள். டோரதி பஸ் பிடித்து வந்து கருவியை வாசல்படியில் வைத்துவிட்டுக் கையை எடுப்பாள். ஜெயலக்ஷ்மி அதன்மேல் தண்ணீர் தெளித்து, உள்ளே கொண்டுபோய்ப் பத்துத் தரம் அலம்பி, பீங்கான் கிண்ணத்தில் துளசித் தண்ணீர் விட்டு ஊறப் போடுவாள். டோரதிக்குத் திருப்பிக் கொடுக்கும்போதும் அந்தக் கிண்ணத்திலிருந்துதான் எடுத்துக் கொடுப்பாள். அடுத்தவர் குழந்தைக்கும் நல்லது செய்கிறோம் என்று அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவ்வளவு சுத்தமான வீட்டிலிருந்து வருகிறது என்று டோரதியும் மறுபடி துடைக்காமல் ஓஸ்வால்டுக்கு வைப்பாள். போகப்போகக் கிண்ணத்தில் லேசாகத் திராட்சைப்பழ வாசனை அடித்தது. பெருமாள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

பெருமாள் ஒன்றும் கண் திறக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு குழந்தைகளுக்கும் சளி பச்சையாக வர ஆரம்பித்தது. ருக்கு எப்படியோ தாக்குப்பிடித்தாள். ஓஸ்வால்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

 கருவியை வைக்க வந்த டோரதியை ஜெயலக்ஷ்மி வாசலிலேயே நிறுத்தினாள்.

"லைன் வீடு, பொதுக் குழாய், பக்கத்துலயே சாக்கடை. எல்லாம் உங்காத்துலேர்ந்துதான் வந்திருக்கு. எங்கொழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நன்னா இருக்க மாட்டே டோரதி."

டோரதி முகம் வெளுத்துப்போயிற்று. "நான் சுத்தமாத்தான் வச்சிருக்கேன் மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் போட்டுவிட்டு, இன்னொருத்தி பிள்ளைக்காகப் பஸ் ஏறி வந்தவள் அவள். அது ஜெயலக்ஷ்மிக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

இந்தப் பச்சைச் சளி எங்கிருந்து வந்தது என்று பார்க்க, ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்து நோரா வந்தாள். கையில் பஞ்சு சுற்றிய குச்சிகள்.

"இங்க என்ன இருக்கு? மர்பி டவுனுக்குப் போய்ப் பாருங்கோ."

"அங்க பாத்துட்டுதான் வரேன் மாமி. குழாய், டம்ளர், தலகாணி ஒண்ணு விடலை. எதுலயும் இல்ல."

நோரா இந்த வீட்டிலும் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தாள். கடைசியாகக் குச்சியைப் பீங்கான் கிண்ணத்தில் விட்டாள். சில நாள் கழித்து ஜெயலக்ஷ்மியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து, மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டு ஒன்றைக் காட்டினாள். அவள் கிண்ணத்திலிருந்து எடுத்தது உள்ளே பச்சைப் பசேலென்று பூத்திருந்தது. மூடியைக் கொஞ்சம் விலக்கியபோது திராட்சைப்பழ வாசனை வந்தது.



"ஈரமும் தேங்கின தண்ணியும் போதும் இந்தக் கிருமிக்கு. துளசியெல்லாம் அதை ஒண்ணும் பண்ணாது" என்றாள் நோரா. "ஓஸ்வால்ட் நெஞ்சுல இருக்கிறதும் இதேதான் மாமி."

அந்த வாரமே ஓஸ்வால்ட் போய்விட்டான்.

"போனது போச்சு. நீ போய் எதையும் ஒளறி வைக்காதே" என்றார் கணவர் சீனிவாசராகவன். சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் சோற்றில் கை வைத்தாலும், பெருமாள் முன்னால் நின்றாலும் அந்தத் திராட்சை வாசனை விடவில்லை. டோரதியிடம் சொல்லித்தான் தீர வேண்டும். எந்த வாயால் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவள் போவதற்குள் டோரதியே வந்தாள். அழுது வீங்கிய முகம். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய கருவி.

"இனிமே தினமும் ருக்குவுக்கே குடுங்க மாமி."

"டோரதி, என் கிண்ணத்துலேர்ந்துதான்..."

"தெரியும் மாமி. நோராம்மா சொன்னாங்க." டோரதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லாக் கொதிக்க வச்சு, ஸ்பிரிட்ல துடைச்சிருக்கேன். மறுபடி தண்ணில போட்டுடாதீங்க. கொழந்தை பாவம்."

ஜெயலக்ஷ்மி இரண்டு கைகளையும் நீட்டினாள். பிறந்ததிலிருந்து டோரதி மாதிரி ஒருவரிடம் அவள் கை நீட்டியதில்லை.

டோரதி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, எப்போதும் போலக் கருவியைத் துணியோடு வாசல்படியில் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.