மூன்று கோட்டுப் பச்சை

ரப்பர் விளிம்பு வைத்த கனத்த கதவைத் திறந்ததும் எனாமல் நெடி மூக்கில் அறைந்தது. பொன்னுமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

போடி ஏலக்காய் வியாபாரி மொக்கச்சாமி தான் பாடுவதற்கென்று வீட்டில் கட்டிய அறை. மதுரையில் ஒலியமைப்புத் தொழில் கற்ற பொன்னுமணி சொந்தமாக எடுத்த முதல் வேலை. ஆட்களோடு கூடவே நின்று சுவர் முழுக்க மரநார்ப் பலகைகளைப் பதித்திருந்தாள். சத்தம் அதன் சின்னத் துளைகளுக்குள் போய் அமுங்கிவிடும். நாளை திறப்பு விழா. தன் வீட்டிலும் இப்படி ஓர் அறை கட்ட நினைத்த லிங்கேஸ்வரன் தேனியிலிருந்து வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் அவருடைய வீட்டு வேலையும் அவளுக்குத்தான்.

இப்போது பலகைகள் பளபளவென்று பச்சையாக மின்னின. ஒரு துளை மிச்சமில்லை.

"யாருண்ணே இதுல பெயின்ட் அடிச்சது?"

"நான்தேன் அடிக்கச் சொன்னேன் ஆத்தா, மூணு கோட்டு." மொக்கச்சாமி பட்டு ஜிப்பாவை நீவிக்கொண்டார். "மழையில நனைஞ்ச காய் கணக்கா வெளிறிக் கெடந்துச்சு. காய்னா பச்சையா இருந்தாத்தேன் ஒருத்தன் ஏறெடுத்துப் பாப்பான்."

வெளிறிய காய்க்குச் சாயம் ஏற்றி விற்றே மூன்று மாடி எழுப்பிய மனிதர். பேச்சில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

"துளையெல்லாம் அடைச்சுப்போச்சு. இனி எதிரொலிக்கும்ணே."

"சும்மா கேளு."

தொண்டையைக் காறிச் சளியைப் பித்தளைப் படிக்கத்தில் துப்பினார். அந்தக் காறல் நாலு சுவரிலும் முட்டித் திரும்பி வந்து பொன்னுமணியின் காதில் ஈரமாக விழுந்தது. பின்னாலேயே பாட்டும் வந்தது. காறலே தேவலை.

கணக்குப்பிள்ளை சுருளி கை தட்டினான். அறை இன்னும் பத்துத் தடவை தட்டியது.

மொக்கச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, ஒத்த ஆளு தட்டுனா ஊரே தட்டுது! நீ வச்ச மாதிரியே இருந்தப்ப எழவு வீட்டுல பாடுன கணக்கா இருந்துச்சு. வாசல் போர்டுல ஒன் பேரும் போட்டிருக்கேன், ஒலியமைப்பு பொன்னுமணின்னு."

"என் பேர எடுத்துருங்கண்ணே."

"கிறுக்கா ஒனக்கு? நாளைக்குப் பெரிய மனுசங்கெல்லாம் வந்து பாப்பாங்க."

"அதுக்குத்தேன் சொல்றேன்."

ஒரு கணம் யோசித்தவரின் முகம் மலர்ந்தது. "சுருளி, வெரசா பெயின்டரக் கூப்பிடு. ஒலியமைப்புலயும் எம்பேரையே போட்டுரச் சொல்லு."

தெருவுக்கு வந்து மூச்சை இழுத்துவிட்டபின் பொன்னுமணி லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த ரூமு என் வேலை இல்ல சார்."

"அப்ப யாரு வேலைம்மா?"

"போர்டுல இருக்கும் சார்."