மாமாவுக்கு டபுள் கிளிக் வராது

கொச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்று மெயில் வந்தபோது ஸ்மைலின் அடுக்களையில் மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடத் துடைக்கவில்லை. மண் ஒட்டின கையோடு போனைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தாள். கல்யாணம் முடிந்து புருஷன் ரெனிஷ் மஸ்கட்டுக்கு விமானம் ஏறின நாளிலிருந்து அவள் பார்த்த ஒரே நோயாளி மாமனார் ஜெபமணி. அவருக்கோ ஒரு சீக்கும் கிடையாது. இன்னும் ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் படித்த படிப்பை எவனும் மதிக்கமாட்டான். இதை விட்டால் வேறு வழி இல்லை.

ரெனிஷ் போனில் தங்கமாகத்தான் பேசினான். "எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்ல ஸ்மைலின். அப்பா சரிண்ணு சொன்னா நீ தாராளமா போ."

பாருங்கள் இந்த நியாயத்தை! கதவு திறந்துதான் இருக்கிறது, சாவி மட்டும் அப்பா மடியில் இருக்கிறது என்கிறான்.

ஜெபமணியாவது 'போகாதே' என்று சொல்வாரா என்றால், மாட்டார். சொன்னால் சண்டை பிடிக்கலாமே. ரிட்டயர் ஆன சர்க்கார் உத்தியோகஸ்தர், சபையில் பேர் பெற்ற மனிதர், வாயைத் திறந்தால் தேன்தான். "போ மக்கா, நான் தடுப்பேனா? சோறு அடுத்த வீட்டு ஜெபகுமாரி வச்சுத் தருவா. துணிக்கு மெஷின் கெடக்கு. இந்தக் கம்ப்யூட்டர யாரு பாப்பா? அத நெனச்சாத்தான் எனக்கு ஒரு வெப்ராளம்."

கம்ப்யூட்டர் என்றால் சும்மா இல்லை. காலையில் பேப்பர். அப்புறம் ரப்பர் விலை. பேச்சிப்பாறைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் மரம் உண்டு. மத்தியானம் யார் யார் இறந்துபோனார்கள் என்ற அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை முட்டுவலி என்றால் கோயில் ஆராதனை நேரலையில். கரண்டு பில். ஒவ்வொன்றுக்கும் "ஸ்மைலின்!" என்று ஒரு கூப்பாடு. குளிக்கப் போனால்கூட விடமாட்டார். கதவுக்கு வெளியே நின்று, "ஸ்மைலின், ரப்பர் விலை போயிட்டு!"

"அது எங்க மாமா போவும்? கயித்த அறுத்துட்டு ஓடதுக்கு அது என்ன மாடா?" என்று உள்ளே இருந்து கத்திவிட்டு, சோப்பு நுரை போகாத தலையோடு வந்து தேடிக் கொடுப்பாள்.

அவளுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கம்ப்யூட்டர்தானே சாக்கு? அந்தச் சாக்கையே இல்லாமல் ஆக்கிவிட்டால் போயிற்று. அவருக்குப் பிரியமான சைட்டை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மேலே வலது ஓரத்தில் மூன்று புள்ளி. அதைத் தொட்டு, ஷார்ட்கட் உண்டாக்கு என்கிற இடத்தில் ஒரு அமுக்கு, பேர் வைத்து இன்னொரு அமுக்கு. அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் ஒரு சின்னப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. பேப்பர், ரப்பர், கோயில், கரண்ட் என்று தமிழில் பேர் வைத்தாள். தேட வேண்டாம், எழுத வேண்டாம், படத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் சைட் தானே திறக்கும். கடைசிப் படத்துக்கு 'சாவு' என்று வைத்ததைப் பார்த்து ஜெபமணி முகம் சுருங்கிவிட்டது.

"எனக்க கம்ப்யூட்டர்ல சாவுண்ணா எழுதி வச்சிருக்க?"

"சரி மாமா, நித்தியம்ண்ணு மாத்துதேன்."

இனி அவர் பாடு எளிது, என் பாடு விடுதலை என்றுதான் நினைத்தாள். பாவம்!

ஜெபமணிக்கு டபுள் கிளிக் வரவில்லை. ஒரு தட்டுத் தட்டுவார். கையை எடுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வார். பிறகு சாவகாசமாக இரண்டாவது தட்டு. அதற்குள் கம்ப்யூட்டர், இவர் பேரை மாற்றப்போகிறார் போலிருக்கிறது என்று நினைத்து எழுத்தை நீலமாக்கிக் காட்டும். இவர் பதறி எதையாவது அமுக்குவார். ரப்பர் என்றிருந்தது 'jjjjj' ஆயிற்று. கரண்ட் காணாமல் போயிற்று. ஒருநாள் தேடோ தேடென்று தேடி, "மாமா, கோயிலு குப்பத்தொட்டிக்குள்ள கெடக்கு!" என்று அவள் கத்த, "ஆண்டவரே மன்னியும்" என்று கிழவர் நெஞ்சில் கை வைத்தார்.

சரி, ஒரே தட்டில் திறக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தாள். "தொட்ட உடனே தொறக்குது மக்கா, பயமா இருக்கு" என்றார். படத்தைப் பெரிதாக்கினாள். கண் கூசுகிறது என்றார். கல்லுளிமங்கன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நேரில் பார்த்திருக்கமாட்டீர்கள்.

இதெல்லாம் பகலில். பொழுது சாய்ந்ததும் குடும்ப ஜெபம். இந்தப் பக்கத்து வேதக்கார வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மூஞ்சிக்கு நேரே சொல்லக் கூடாததை ஆண்டவரிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிடுவார்கள். கண்ணை மூடி ஜெபிக்கிறவரை மறித்துப் பேச யாருக்கும் நாக்கு எழும்பாது. முடிவில் எல்லாரும் ஆமென் வேறு சொல்ல வேண்டும். ஜெபமணி இதில் மன்னன்.

"பிதாவே, வீட்டைக் கட்டுகிற புத்தியுள்ள ஸ்திரீகளுக்காக ஸ்தோத்திரம். கூட்டைக் கலைத்துப் பறக்க நினைக்கிறவர்களுக்கு நல்ல புத்தி தாரும். எனக்கு விரலிலே பெலன் இல்லை சுவாமி..."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னாள். தன்னைப் பூட்டுகிற பூட்டுக்குத் தானே ஆமென் சொல்கிற கொடுமை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது. இரணியல் ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற ரயிலின் சத்தம் அந்த வீட்டுக்குக் கேட்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டியது.

சனிக்கிழமை மத்தியானம் தையல்கடைக்குப் புறப்பட்டவள், போனை மறந்துவிட்டோமே என்று பாதி வழியில் திரும்பினாள். முற்றத்தில் கால் வைத்தபோதே உள்ளிருந்து சத்தம். டிக்டிக், டிக்டிக். கோழி அரிசி கொத்துகிற வேகம். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் சதுரங்கப் பலகை விரிந்து கிடந்தது. எந்தத் தேசத்துக்காரனோ, அவனோடு ஜெபமணி விளையாடிக்கொண்டிருந்தார். குதிரை பாய்கிறது, யானை ஓடுகிறது, மவுஸ் அவர் கையில் பம்பரமாகச் சுழல்கிறது. ஜெயித்ததும் 'குட் கேம்' என்று இங்கிலீஷில் அடித்து அனுப்பினார் மனுஷன்!

அவள் உள்ளே போகவில்லை. வாசலில் செருப்பைச் சத்தமாக உதறிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் போனாள். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தேடினாள். 'பிரேயர்' என்று இங்கிலீஷில் பேர் வைத்த ஒரு மஞ்சள் ஃபோல்டர். அதற்குள் குதிரைத் தலை போட்ட ஒரு ஷார்ட்கட். அவள் வைத்தது இல்லை. மூன்று புள்ளியைத் தொட்டு, படம் உண்டாக்கி, பேர் வைத்து, அதை இழுத்துக்கொண்டுபோய் ஜெபத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். இவருக்கா டபுள் கிளிக் வராது?

சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி கிடக்கிறவனை எழுப்ப முடியுமா? நாள்கணக்கில் இவருக்குப் படம் படமாக வைத்துக் கொடுத்தோமே என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. ரெனிஷிடம் சொன்னால் அவன் அப்பாவைக் கேட்பான். அப்பா தொண்டை இடறி ஒரு பேச்சுப் பேசுவார். கடைசியில் பொல்லாதவள் யார்? மருமகள்.

அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு ரெனிஷும் வீடியோவில் வந்தான். ஜெபமணி மானிட்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இவ போறதுல எனக்குச் சந்தோசந்தான் மக்கா. இந்த வெரலுதான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

"அப்போ ரெண்டு மாசம் போவட்டும், ஸ்மைலின். வேற வேலை வராமலா போவும்?" என்றான் ரெனிஷ்.

ஜெயித்தவருக்குத் தாராள மனசு வருமே, அது ஜெபமணிக்கும் வந்தது. "இண்ணைக்கு நீ ஜெபி மக்கா."

ஸ்மைலின் முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே, மாமாவுக்க விரலுக்காக ஸ்தோத்திரம். அந்த விரலுக்கு நீர் தந்த வேகத்துக்காக ஸ்தோத்திரம். இண்ணைக்கு மத்தியானம் அவர் குதிரையையும் யானையையும் ஓட்டின ஓட்டத்தை உம்முடைய அடியாள் ஜன்னல் வழியாக் கண்டேன். எதிராளியின் ராஜாவை அவர் கையில் ஒப்புக்கொடுத்தீரே, ஸ்தோத்திரம்."

ஜெபமணி ஒருதடவை இருமினார். அவள் நிறுத்தவில்லை.

"யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஷார்ட்கட் உண்டாக்கி, பிரேயர்ண்ணு பேர் வச்சு அதுக்குள்ள ஒளிச்சு வைக்கிற ஞானத்தையும் நீரே அவருக்குத் தந்தீர். அந்த ஞானம் ரப்பர் விலைக்கும் எட்டும்படி கிருபை செய்யும். நான் படிச்ச படிப்பு என் கண் முன்னால செத்துப்போகுது சுவாமி. இந்த வீட்டுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. திங்கக்கிழமை நான் போகணும். என்னைப் போக விடும். ஆமென்."

"ஆமென்" என்றான் ரெனிஷ், பழக்க தோஷத்தில். பிறகுதான் விழித்தான். "என்ன குதிரை? அப்பா, எந்த யானை?"

ஜெபமணி மவுஸை எடுத்து, குறி தப்பாமல், ஒரே தட்டில் வீடியோவை அணைத்தார்.

தலையைத் தூக்காமலே கேட்டார். "கள்ளன்ண்ணு நெனைக்கியா?"

"நெனைக்கேன் மாமா."

"எல்லாம் தெரியும் எனக்கு. பேப்பரும் தொறப்பேன், ரப்பரும் தொறப்பேன். ரெனிஷுக்க அம்ம போன பெறகு நீ வாறது வரைக்கும் இந்த வீட்டுல நான் யாரையும் கூப்பிட்டது இல்ல, கேட்டியா. கூப்பிடதுக்கு ஒரு பேரு இல்ல. ஸ்மைலின்ண்ணு சத்தம் போட்டா, உள்ள இருந்து வாறேன் மாமாண்ணு ஒரு சத்தம் வருமே. அதுக்குத்தான் மக்கா. வேற ஒண்ணுக்கும் இல்ல."

பொய் என்றால் உடைத்துவிட்டு வெளியே போய்விடலாம். இதை என்ன செய்வது? 'நான் போகல்ல மாமா' என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள். இது வெளியே விழுந்தால் தன்னை இனி யாரும் பூட்ட வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"நான் போறேன் மாமா. நீங்க போன்ல கூப்பிடுங்க. டூட்டியில இருந்தா எடுக்க மாட்டேன். முடிஞ்ச உடனே எடுப்பேன்."

ஜெபமணி தலையாட்டினாரா இல்லையா என்று தெரியவில்லை. நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அந்த ஆசுபத்திரிக்க பேரு என்ன?"

சொன்னாள். இரண்டு விரலால் கடகடவென்று அடித்தார். சைட் வந்தது. மூன்று புள்ளி, ஷார்ட்கட், ஒரு பிழையும் இல்லை. பேர் எழுதுகிற கட்டத்தில் ஆஸ்பத்திரியின் நீளப் பேர் தானாகவே வந்து நின்றது. அதை முழுக்க அழித்துவிட்டு 'ஸ்மைலின்' என்று எழுதினார். டெஸ்க்டாப்பில் புதிதாக வந்து உட்கார்ந்த படத்தை, அவள் பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்க, டிக்டிக் என்று தட்டித் திறந்தார். பெரிய கட்டடம் ஒன்று திரை முழுக்க விரிந்தது.

"இதுல நீ எந்த மாடியில இருப்ப?"

"போனாத்தான் மாமா தெரியும்" என்றாள்.