ஒரு பக்கம் குறைந்த நோட்டு

நாலாம் வகுப்பு டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. எந்தப் பிள்ளைக்குப் பாடம் எப்படிச் சொன்னால் ஏறும் என்று ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிவைப்பாள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறவனுக்கு முதல் பெஞ்சு. உட்கார முடியாமல் நெளிகிறவன் பின்சுவர் ஓரம் நின்றபடியே கணக்குப் போடலாம். மிளகுக்குச் சிலேட்டு. ஆள் பொடிசு, காரம் அதிகம் என்று வகுப்பே வைத்த பெயர் அது. பேச வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு திணறுவாள். எழுதச் சொன்னால் மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் விடையை நீட்டிவிடுவாள்.

தலைமையாசிரியை அந்த நோட்டைக் கேட்டு வாங்கியபோது டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. நம் உழைப்பையும் ஒருவர் பார்க்கிறாரே என்று பூரித்துப்போனாள். அசடு, வேறென்ன சொல்ல?

மறுவாரம் முதல் பெஞ்சு காலி. அவனுக்கு ஏற்ற இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். எந்த இடம் என்று கேட்டால் அலுவலகத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கடுத்த வாரம் பின்சுவர் ஓரத்தில் ஆளில்லை. வருகைப் பதிவேட்டில் இரண்டு பெயர்களைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். நோட்டில் முதல் இரண்டு பக்கங்கள் அவர்களுடையவை. மூன்றாவது மிளகுடையது.

டீச்சர் அன்றைக்கே அலுவலகத்துக்கு ஓடினாள். இன்னும் கொஞ்சம் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி நோட்டைத் திரும்ப வாங்கினாள். மூன்றாம் பக்கத்தைக் கிழித்து, சுக்குநூறாக்கி, கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை மேலதிகாரி வகுப்புக்கே வந்துவிட்டார். கையில் அந்த நோட்டு. அதில் பக்கம் இல்லாத பிள்ளைகள் எல்லாரும் வாயால்தான் பதில் சொல்ல வேண்டுமாம். டீச்சர் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

மூன்றாவதாக மிளகை எழுப்பினார்.

"இவளப் பத்தி ஒண்ணும் எழுதலயே. நல்லாப் பேசுவா இல்ல?"

"பேசுவா சார்," என்றாள் டீச்சர்.

பதினைந்தை ஏழால் பெருக்கச் சொன்னார். மிளகின் உதடு குவிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. கண்ணில் நீர் முட்ட அவள் டீச்சரைத்தான் பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? டீச்சர் எழுந்துபோய்ச் சிலேட்டை அவள் கையில் வைத்தாள்.

கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றைந்து. சரியான விடை. அதிகாரி அதைப் பார்க்கவே இல்லை. சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"பேரு என்னம்மா?"

மிளகின் முகம் மலர்ந்துவிட்டது. விடையை உள்ளங்கையால் அழித்துவிட்டு, தன் முழுப்பெயரையும் அழகாக எழுதி, அவருக்கு நன்றாகத் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள்.