திறப்புக் கட்டணம்

டெல்பினாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இலோய்லோ ஊர்க்காரர்கள் சண்டை போட்டாலும் கொஞ்சுகிற மாதிரிதான் இருக்கும் என்று மணிலாக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். அவர்கள் டெல்பினாவிடம் மாட்டியதில்லை.

லா பாஸ் சந்தைக்குப் பின்னால் ஒரே கடையை நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் பள்ளிச் சீருடை தைக்கிறேன். சட்டைப் பையில் வரும் பள்ளிச் சின்னத்தை அவள் எம்பிராய்டரி மெஷினில் போட்டுத் தருகிறாள். அதற்கு முன் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் தரம் பார்க்கும் வேலை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

மே மாதக் கடைசியில், மெஷினுக்கு டிசைன் கொடுக்கும் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. ஜூனில் பள்ளி திறக்கிறது. முந்நூற்று இருபது சட்டைக்குச் சின்னம் போட வேண்டும். இருந்த காசைத் திரட்டி மாலில் ஒரு கடையில் பதினையாயிரம் பெசோவுக்கு லேப்டாப் வாங்கினாள். விற்ற பையன் ரெக்சன், "எல்லாமே ஓடும் மேடம்" என்று சத்தியம் செய்யாத குறை.

எங்கள் கடையில் வைத்துத் திறந்தோம். மெஷினோடு வந்த டிசைன் செயலியைப் பென்டிரைவில் வைத்திருந்தாள். அதை நிறுவப் போனால் திரையில் ஒரு பெட்டி குறுக்கே வந்து நின்றது. 'உங்கள் பாதுகாப்புக்காக, எங்கள் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டுமே இதில் நிறுவலாம்.' ஸ்டோரில் தேடினோம். கேக் அலங்கரிக்கும் விளையாட்டு இருந்தது. எம்பிராய்டரி செயலி இல்லை.

"யாருகிட்டேர்ந்து எனக்குப் பாதுகாப்பாம்?" என்றாள் டெல்பினா. "என் மெஷின்கிட்டேர்ந்தா?"

மறுநாள் காலை ஜீப்னி வண்டி பிடித்து மாலுக்குப் போனோம். ரெக்சன் லேப்டாப்பை வாங்கி, அந்தப் பெட்டி வந்ததும் சட்டென்று மூடினான்.

"இது பூட்டின மாடல் மேடம். விலை கம்மியாச்சே, அதான். திறக்கணும்னா டெக்னீஷியன் பண்ணணும்."

அவன் காட்டிய பக்கம் ஓர் அட்டை தொங்கியது: திறப்புக் கட்டணம் 2,500 பெசோ.

"விக்கும்போது சொன்னியா தம்பி?"

"நீங்க கேக்கலையே மேடம்."

"கதவில்லாத வீட்டை வித்துட்டு, கதவு இருக்கான்னு கேக்கலையேம்பியா?"

"நீங்களா கையை வச்சீங்கன்னா வாரண்டி போயிரும். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

எனக்குப் பயம் வந்துவிட்டது. கட்டிவிட்டுப் போகலாம், சட்டை வேலை நிற்கிறது என்றேன். டெல்பினா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

எங்கள் கடைக்கு வந்ததும் செயலியை மறுபடி அழுத்தினாள். பெட்டி வந்தது. இந்த முறை மூடவில்லை. சட்டைக் காலரைப் பார்ப்பது போல மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அடியில், பொடி எழுத்தில், ஒரு வரி: 'இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியேறுவது எப்படி?'

அதை அழுத்தினாள். ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னது, என் போன் இணையத்தில் தொடங்கினாள். ஒரு பக்கம் திறந்தது. 'ஒருமுறை வெளியேறினால் திரும்ப வர முடியாது. கட்டணம் இல்லை.' கீழே ஒரே ஒரு பொத்தான். அழுத்தினாள். அவ்வளவுதான், எம்பிராய்டரி செயலி உள்ளே போனது. தையல் மெஷினில் ஊசி மாற்ற எனக்கு அதைவிட நேரமாகும்.

நான் கைதட்டினேன். அவள் சிரிக்கவில்லை. திரையில் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டணம் இல்லை," என்றாள் மெதுவாக.

அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கடையில் பட்சாய் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு மனோங் பெர்த்தோ, எங்கள் வழக்கில் பெர்த்தோ அண்ணன், வந்தார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அதே கடையில் அதே மாடல்தான் வாங்கியிருந்தார், வரைபடம் போட.

"உனக்கும் திறந்து குடுத்தாங்களா? எங்கிட்ட ரெண்டாயிரத்து ஐந்நூறு வாங்கினான். ரெண்டு நாள் வேற வச்சிருந்தான். கஷ்டமான வேலையாம்."

டெல்பினாவின் குரல் இறங்கியது. "ரசீது வச்சிருக்கீங்களா மனோங்?"

"வச்சிருக்கேன். ஏன்?"

"எடுத்துட்டு வாங்க."

அன்று மதியமே மூவரும் மாலுக்குப் போனோம். கடையில் கூட்டம், பள்ளி திறக்கும் சமயம் அல்லவா. டெல்பினா மேனேஜரைக் கூப்பிட்டாள். கிறிசெல்டா என்று பெயர்ப்பட்டை, நல்ல சிரிப்பு.

"அந்த அட்டையில இருக்கிற வேலை என்னன்னு எனக்குக் காட்டுங்க மேடம். பாத்துட்டுப் போறேன்."

"அது டெக்னிக்கல் மேடம், உள்ள பண்றது..."

"வெளியவே பண்ணலாம். நான் காட்டவா?"

விற்பனைக்கு வைத்திருந்த லேப்டாப்பை அவள் தொடவில்லை. அப்போதுதான் புதிதாக வாங்கி, திறப்புக் கட்டணத்துக்குப் பர்ஸைத் திறந்துகொண்டிருந்த ஓர் அம்மாளைப் பார்த்து, "உங்க பொட்டியைக் குடுப்பீங்களா? காசு வேண்டாம்" என்றாள். அந்த அம்மாள் ரெக்சனைப் பார்த்தாள், டெல்பினாவைப் பார்த்தாள், லேப்டாப்பைக் கொடுத்தாள். எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். டெல்பினா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தபடி செய்தாள். 'கட்டணம் இல்லை' என்ற வரியை இரண்டு முறை படித்தாள்.

"காவலாளியைக் கூப்பிடுவேன்," என்றாள் கிறிசெல்டா. சிரிப்பு போயிருந்தது.

"கூப்பிடுங்க. அவரும் லேப்டாப் வாங்கியிருக்கலாம்."

கூட்டம் சிரித்தது. யாரோ போனில் படம் பிடித்தார்கள். மனோங் பெர்த்தோ தம் ரசீதை மேசையில் வைத்து, நாற்பது வருடம் எல்லைத் தகராறு பார்த்தவரின் நிதானத்தோடு சொன்னார்: "நான் வணிகத் துறை அலுவலகத்துக்குப் போறதுக்கு முன்னாடி இங்கயே முடிச்சுக்கலாமா அம்மா?"

முடித்தார்கள். அவர் பணம் திரும்ப வந்தது. அந்த வாரத்தில் ரசீதோடு போன இன்னும் நான்கு பேருக்கும் கிடைத்தது. ரசீதைத் தொலைத்த ஓர் ஆசிரியைக்குக் கிடைக்கவில்லை. டெல்பினா அவருக்காக இரண்டு முறை போய் நின்றும் பலனில்லை. அதைச் சொன்னால் இன்றும் அவள் குரல் இறங்கும்.

அட்டையைக் கழற்றிவிட்டார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அன்று நாங்கள் வெளியே வரும்போது ரெக்சன் மட்டும் பின்னால் ஓடி வந்து, மேடத்தை விட்டு அக்கா முறை சொல்லி, "மனாங், எனக்குச் சொல்லிக்குடுத்ததைத்தான் நான் சொன்னேன்" என்றான்.

"நானும் இப்ப உனக்குச் சொல்லிக்குடுத்துட்டேன்," என்றாள் டெல்பினா. "இனிமே இதைச் சொல்லு."